ஆரஞ்சும் பச்சையும்

அப்பா போய்ப் பதினான்கு மாதம்.
இணையக் கட்டணச் சீட்டு இன்னும்
அவர் பெயருக்கே வருகிறது.

வூட்ஜ் நகரம். எட்டாவது மாடி.
ஆறாவதோடு அலுத்துப்போகும் லிஃப்ட்.
மாதம் நூற்று இருபது ஸ்லோட்டி,
பாதி நான், பாதி லேஷெக்.
கையில் கொடுப்பதில்லை.
ஃபிரிட்ஜ் மேல், உப்பு டப்பாவுக்கு அடியில்.

வீட்டை விற்கலாம் என்றான்.
மாட்டேன் என்றேன்.
மார்ச்சில் நின்ற பேச்சு
நவம்பரிலும் நின்றுகொண்டே இருந்தது.

சுவரிலிருந்து வரும் இணைப்போ ஒன்று.
அது என் அறையில்.
ஒருநாள் உப்பு டப்பா சாய்ந்திருந்தது.
அடியில் ஒரு நெட்வொர்க் கார்டு,
ஒரு துண்டுச் சீட்டு:
'உன் கணினி வழியாக எனக்கும் விடு.
என்னுடையதில் மாட்டிவிட்டேன். இது உனக்கு.'

சுவர் கான்கிரீட்.
துளைக்கும் கருவி இரண்டு விரற்கடை போய்ப்
புகைந்தது.
கீழ்வீட்டு வால்டெமார்
விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடித்தார்.
கேபிள் கடைசியில் கதவடியில் நுழைந்தது.
அன்றிலிருந்து எங்கள் இரண்டு கதவும்
சாத்தினாலும் சாத்தாது.

அவ்வளவும் செய்து, விளக்கு எரியவில்லை.

கடைக்காரப் பையன் கேபிளைப் பார்த்துச் சிரித்தான்.
"இது நேர் கேபிள், மேடம்.
கணினியோடு கணினியை இதில் கட்டினால்
வாயும் வாயும் முட்டிக்கொள்ளும்,
காதும் காதும் ஒட்டிக்கொள்ளும்.
ரெண்டும் பேசும்.
ஒன்றுக்கும் கேட்காது."

அவனுக்கு எங்கள் வீட்டைத் தெரியாது.

"ஒரு முனையில் மட்டும்
ஆரஞ்சுக்கும் பச்சைக்கும் இடம் மாற்றுங்கள்.
இதன் வாய் அதன் காதுக்குப் போகணும்."

அன்றிரவு நடைவழியில், தரையில்.
எட்டு இழை, மயிரளவு செம்பு,
கடனுக்கு வாங்கிய கிரிம்பர்.
அவன் டார்ச் பிடித்தான்.
என் நகம் உடைந்தது.
வெள்ளைப் பச்சை, என்றான்.
பச்சை, என்றேன்.
வெள்ளை ஆரஞ்சு.
நீலம்.
இல்லை, அது அங்கேயே இருக்கட்டும்.
எட்டு மாதத்தில் பேசியது இவ்வளவு.
அவன் அறையில் பச்சைப் புள்ளி எரிந்ததும்
எழுந்து போனான்.
டார்ச்சை அணைக்க மறந்து.

என் கணினி தூங்கினால்
அவனுடையது குருடு.
அதனால் இரவெல்லாம் தலைமாட்டில்
விசிறி இரைகிறது, பக்கத்தில் யாரோ
மூக்கடைப்போடு படுத்திருப்பதுபோல.

ஒருநாள் அணைத்தேன்.
வேண்டுமென்றேதான்.
வக்கீலின் கடிதம் வந்திருந்த நாள்.

சுவரில் தட்டுவான் என்று காத்திருந்தேன்.
தட்டவில்லை.
நாற்காலி நகர்ந்தது.
தீக்குச்சி உரசியது.
கதவு மூடாத இடுக்கில்
புகை மட்டும் வந்தது.
திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.
இருபது நிமிடம் கழித்து
நானே எழுந்து போட்டேன்.
பழைய கணினி, விழிக்க நேரமாகும்.
அவனும் விழித்திருந்தான்.

வெளியே போகையில்
எங்கள் இருவருக்கும் ஒரே முகவரி.
அவன் தேடுவதும் நான் தேடுவதும்
உலகத்தின் கணக்கில் ஒரே ஆள்.
பாவம், குழப்பமான ஆள்:
பாதி ராத்திரியில் சதுரங்கம் ஆடுவான்,
தையல் இயந்திரத்துக்குப் பெல்ட் கேட்பான்,
வீட்டு விலையும் பார்ப்பான்,
ஒருவேளை
வீட்டை விற்காமலிருக்க வழியும்.
பதில்கள் வந்தபின் என் கணினிதான் பிரிக்கிறது,
இது இவளுக்கு, இது அவனுக்கு.
எட்டிப் பார்க்கலாம் என்றான் கடைக்காரப் பையன்.
பார்த்ததில்லை.
இரண்டு முறை நினைத்தேன்.

ஜனவரியில் நிறுவனம் ஒரு படிவம் அனுப்பியது.
'சந்தாதாரர் காலமானதாக அறிகிறோம்.'
யார் சொன்னார்களோ.
புதிய பெயர் வேண்டும், ஒரே ஒரு பெயர்.
உப்பு டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.
மூன்று நாள் அப்படியே கிடந்தது.

நான்காம் நாள் காலை
நிரப்பியிருந்தது. அவன் கையெழுத்து,
வலப்பக்கம் சரியும் எழுத்து.
பெயர் என்ற இடத்தில்
என் பெயர்.
கடைசிக் கேள்வி, தடித்த எழுத்தில்:
'இணைப்பைப் பயன்படுத்தும் கணினிகள் எத்தனை?
ஒன்றுக்கு மேல் அனுமதியில்லை.'

ஒன்று, என்று எழுதியிருந்தான்.

பேனாவைத் தேடி எடுத்து
அந்தப் பொய்க்குக் கீழே
கையொப்பமிட்டேன்.