அகன்ற தொண்டை

நானூறு மீட்டருக்குப் பதினாலு புள்ளி இரண்டு.
பெங்களூரிலிருந்து பெரிய கார்புரேட்டர் வந்தபின்
பதினாலு புள்ளி ஏழு.

சூளகிரிக்கு அப்பால், மூடிக் கிடக்கும் கிரானைட் குவாரிச் சாலை.
ஸ்டாப்வாட்சை உதறிப் பார்த்தான் நாகபூஷணம்,
தப்பு அதன்மேல் இருந்துவிடாதா என்று.

திம்மராயன் பிளக்கைக் கழற்றினான்.
சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.
காற்று கொட்டுகிறது, பெட்ரோல் பத்தவில்லை.
பெரிய ஜெட் மாட்டி ஓட்டினார்கள்;
பிளக் புளியம்பட்டை நிறத்துக்கு வந்தது,
நேரம் வரவில்லை.
பதினாலு புள்ளி ஆறு.

சத்தத்தைக் கேளுடா என்றான் நாகபூஷணம்.
ஆமாம், சத்தம்தான் முதலில் போய்ச் சேருது.

அப்புறம்தான் தரையைக் குனிந்து பார்த்தார்கள்.
போன மாசம் ஒரு முழத்துக்குக் கருப்பிழுத்த டயர்
இன்றைக்குக் கோடுகூடப் போடவில்லை.
எட்டாயிரத்துக்கு மேல் பாய்கிற வண்டி
கிளம்பும்போது விக்குகிறது.
முதல் இருபது மீட்டரில் விட்டதைக்
கடைசி நூறில் எங்கே போய்ப் பொறுக்க?

பழையதையே மாட்டிவிடலாம்.
இல்லையென்றால் பின் சக்கரத்தில் இரண்டு பல் கூட்டலாம்.

பதினோராயிரம் ரூபாயைப் பற்றி
இருவரும் பேசவில்லை.

மாங்கூழ் ஆலைக்குப் போகும் லாரி தூசி கிளப்பிப் போனது.
அது அடங்கும்வரை கண்ணை இடுக்கிக்கொண்டு
திம்மராயன் பல் எண்ணினான்:
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது…
விட்டுவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து.