வேறுபாடு இல்லை

சிலோயே தீவுகளில்
இரண்டு பள்ளிகளைத் தேர்ந்தோம்.
நாணயம் சுண்டியதில்
வடகரைக்குக் கரும்பலகை,
தென்கரைக்கு உருளைக்கிழங்கும் கத்தியும்:
பின்னம் கற்பிக்க.

பதினான்கு வாரம். ஓயாத மழை.
கடைசித் தேர்வில் இரு கரையும்
ஒரே மதிப்பெண்.
'வேறுபாடு இல்லை' என்று
அறிக்கையில் எழுதினேன்.
சுத்தமான தரவு என்று
சாந்தியாகோவிலிருந்து பாராட்டு வந்தது.

திரும்பும் படகில்
எடுவினா, கட்டுப்பாட்டுக் குழு, எண் முப்பத்தொன்று,
தென்கரைப் பையன் நவெல் நீட்டிய
அவித்த கிழங்கைக் கடித்துவிட்டுச் சொன்னாள்:
"எட்டில் மூன்று போச்சு."
"மீதி?" என்றான் அவன், வாய் நிறைய.

தினமும் இதே படகா என்று கேட்டேன்.
வேறு படகு ஏது என்றார் ஓட்டுநர்.

அறிக்கை பையில் நனைந்துகொண்டிருந்தது.
எனக்கும் ஒரு கால் கிடைத்தது,
உப்போடு.