கொள்ளளவு

அறுநூற்று நாற்பது பேருக்கு இடம்.
அதில் பதினொரு நாற்காலி உடைந்தது.
ஐயாயிரம் ஆக்கலாமா என்று
கமிட்டி கேட்கிறது என்னை,
டிக்கெட் கிழிக்கிறவளை,
மிக்சர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு.

பணம் கொலுசுப் பட்டறை குணாளனுடையது.
வரைபடத்தை விரித்து
நாலு மூலைக்கும் நாலு டீ டம்ளர் வைத்தார்.
கிழக்கே மூன்றடுக்குக் கேலரி,
மேலே தகரக் கூரை,
கூரையில் அவர் அப்பா பெயர்.
"எடம் பத்தலேன்னு பேர் வரக் கூடாதுங்க."

என் நோட்டு சொல்வது வேறு.
ஆடியில், தருமபுரியோடு: இருநூற்று ஆறு. மழை.
போலீஸ் அணியோடு: நானூற்றுப் பன்னிரண்டு,
எழுபது பேர் பாஸ்.
கெங்கவல்லியோடு: நூற்று எட்டு.
கோயில் சுற்றுகிற கணக்கு.

ஆனால் நாமக்கல்லோடு அரையிறுதி.
அதையும் எழுதித்தான் வைத்திருக்கிறேன்.
மூன்று மணிக்கே டிக்கெட் தீர்ந்தது.
நாலு மணிக்கு வாசலில் இன்னொரு ஆயிரம்.
சுவர் மேல், தண்ணித் தொட்டி மேல் ஆள்.
வேம்பில் காக்கைக்கு இடமில்லை.
கம்பிக் கதவு உள்ளே சாய்ந்தபோது
ஜபருல்லாவுக்கு மணிக்கட்டு போனது.
ஆறு பிள்ளைகளை என் கூண்டுக்குள் இழுத்துப் போட்டேன்.
ஒருத்தி, ஆட்டம் முடிகிறவரை,
என் சில்லறை டப்பாவைப் பிடித்தபடி நின்றாள்.
யார் ஜெயித்தது என்று அவள் கேட்கவில்லை.
எனக்கே மறுநாள்தான் தெரிந்தது.

அதனால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.
வேண்டும் என்று சொல்லவும்.

கோல்கீப்பர் பிலவேந்திரன் சொன்னான்:
"இப்ப என்னைத் திட்றவங்க பேரெல்லாம் எனக்குத் தெரியும்.
ஐயாயிரம் பேரு திட்டினா அது வெறும் சத்தம்."
பெண்கள் அணி செண்பகவள்ளி கேட்டாள்:
"அத்தனை நாற்காலிக்கு எத்தனை கக்கூஸ்?"
வரைபடத்தில் தேடினோம்.
டம்ளர்களைத் தூக்கிப் பார்த்தோம்.
அடியிலும் இல்லை.

அப்புறம் அந்தக் கிழக்குப் பக்கம்.
அங்கே சுவர் இடுப்பளவு. அப்பால் தண்டவாளம்.
ஜங்ஷனில் பிளாட்பாரம் காலியாகாத நாளில்
ஐந்து இருபது வண்டி அவுட்டரில் நிற்கும்.
ஜன்னல் ஜன்னலாய் முகம்.
படியில் தொங்கும் பையன்கள்
ரெண்டு நிமிடத்தில் கட்சி சேர்ந்துவிடுவார்கள்,
எந்த ஊர் டீம் என்று தெரியாமலே.
ஒருமுறை நாங்கள் பெனால்டிக்கு நிற்கையில்
சிக்னல் விழுந்துவிட்டது.
வண்டி முன்னால் நகர நகர
நீலச் சட்டைக்காரர் ஒருவர்
பெட்டிக்குள்ளேயே பின்னால் ஓடினார்,
ஆட்களை இடித்துக்கொண்டு, பெட்டி பெட்டியாய்,
எங்கள் கோல்கம்பம் மறைந்துவிடாமல் இருக்க.
கடைசிப் பெட்டியும் போனபின்தான் விசில் ஊதியது.
பந்து உள்ளே போனதா என்று
ஈரோட்டில் இறங்கி யாரைக் கேட்டிருப்பார்?

மூன்றடுக்கு எழுந்தால் அந்த ஜன்னல்கள் போய்விடும் என்றேன்.
குணாளன் சிரித்தார்.
"டிக்கெட் வாங்காத சனத்துக்கு என்னங்க கணக்கு, எஸ்தர்?"
நியாயம்தான்.
அவர்கள் வாங்கியது ரயிலுக்கு.

கை தூக்கச் சொன்னார்கள். ஆறுக்கு ஆறு.
என் கை பாக்கி.
முதலில் கதவை அகலமாக்குங்கள் என்றேன்,
கக்கூஸ் கட்டுங்கள்,
கேலரியை மேற்கே போடுங்கள், ஆயிரம் போதும்.
கிழக்கே உட்கார்ந்தால்
சாயங்கால வெயில் நேராக மூஞ்சியில் அடிக்கும்.
மேற்கே வெள்ளைக்கல் குவாரி நிலம் என்றார்கள்.
ஐம்பதடி கேட்டு வாங்க மூன்று வருசமாகும்.
"அதுவரைக்கும் டீம் இருக்கணுமே"
என்றது ஒரு குரல். யாரென்று பார்க்கவில்லை.

மினிட்ஸில் "ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதினார்கள்.
வரைபடத்தைச் சுருட்டும்போது
நாலு டீ வட்டம். ஒன்று சரியாக
கிழக்கு கேலரியின் நடுவில்.

நேற்று ராசிபுரத்தோடு.
டிக்கெட் இருநூற்று முப்பத்தொன்று என்று எழுதிவிட்டு
பேனாவை மூடாமல் வைத்திருந்தேன்.
ஐந்து இருபது வந்தது.
பச்சை.
நிற்காமல் போனது,
எங்கள் வெள்ளைப் புழுதியைக் கொஞ்சம் கிளப்பிவிட்டு.