மூன்று வாரம் தண்ணீர் காட்டக்கூடாது

விடியற்காலை நாலே காலுக்கு
சுமத்ராக் காற்று கடலைத் தாண்டி வந்தது.
ஜெலுத்தோங்கில் அது எடுத்துக்கொண்டவை:
இரண்டு கூரைத் தகரம்,
ஒரு டியூஷன் விளம்பரப் பலகை,
எங்கள் வாசல் கள்ளி.

இடி என்றுதான் நினைத்தேன்.
குணவதி எழுந்து உட்கார்ந்து
"விழுந்துடுச்சு" என்றாள்,
யாரோ ஆளைச் சொல்வதுபோல.

பதினேழு அடி. ஐந்து கை.
நாங்கள் வாடகைக்கு வந்தபோது இடுப்புயரம்.
முன்பிருந்தவர்கள் பூனைத் தட்டோடு
விட்டுப்போனது.
பாலைக்கென்று படைத்த உடம்பு
நாள் தவறாமல் பெய்யும் ஊரில்
குடித்துக் குடித்துத் தடித்து
மாடி ஜன்னலை எட்டிப் பார்த்தது.
பக்கத்து வீட்டு மிஸ்டர் இயோ
வேரைக் காலால் தள்ளிக் காட்டினார்:
சாப்பாட்டுத் தட்டு அளவுகூட இல்லை.
"மேலே இவ்வளவு, கீழே இவ்வளவுதான்."
என் கடன் அட்டையைப் பார்த்துவிட்டுச்
சொன்னதுபோல் இருந்தது.

நகராண்மைக் கழகத்தார் இருவர்
ரம்பத்தைக் கிளப்பியே விட்டார்கள்.
அரை மணி வேலை, அண்ணே.
குணவதி கேட்டுக்கு நடுவில் நின்றாள்.
கையில் பல் துலக்கும் பிரஷ்.
அதை நீட்டித்தான் பேசினாள்.
அவர்கள் போய்விட்டார்கள்.

கள்ளியைத் தூக்க
உலகத்தில் ஒரு பிடியும் கிடையாது.
பழைய கார்பெட், எங்கள் மெத்தை,
மூடிப்போன கடையிலிருந்து இயோ கொண்டுவந்த
ரப்பர் குழாய்த் துண்டுகள்,
கட்டட வேலைக்குப் போகிற சைஃபுல்,
அவன் அறைக்காரர் மூவர்.
ஆளுக்கொரு மொழியில் எண்ணினோம்.
நான் மூன்றில் இருந்தபோது
அவர்கள் இரண்டில் இருந்தார்கள்.
மூத்த கை அங்கேயே முறிந்தது.
உள்ளே வெள்ளரிக்காய்.
பிசுபிசுத்த நீருக்கு மணமே இல்லை.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அழுகிய அடியை ரொட்டிக் கத்தியால்
வட்டம் வட்டமாக அறுத்தாள்,
பழுப்பு போய் வெள்ளை வரும்வரை.
பாம்புக்குத் தூவ வாங்கிய கந்தகத்தை
ஊதி ஊதிப் பூசினாள்.
"இனி மூணு வாரம் தண்ணி காட்டக்கூடாது.
காயம் காய்ஞ்சு தோல் கட்டணும்."
பினாங்கில். நவம்பரில்.

ஆகவே கார் வெளியே போனது.
ஆறு வருடத் தவணை பாக்கியுள்ள மைவி
மழையில் நிற்க,
கூரைக்குக் கீழே தலையணைகளோடு
நீட்டிப் படுத்தது கள்ளி.
அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்,
அதைத் தாண்டித்தான் வந்தேன்.

பதினோராம் இரவு
பாயான் லெப்பாஸ் ஷிப்டு முடிந்து
இரண்டரைக்குப் பூட்டைத் திறக்கிறேன்,
தரையோடு ஏதோ வெள்ளை.
விழுமுன்பே கட்டியிருந்த மொட்டு.
நிலாவுக்கென்று வைத்திருந்ததைப்
படுத்தபடியே திறந்திருந்தது,
சாக்கடை மூடியைப் பார்த்து,
முழு அகலத்துக்கு.
வேரில்லை. பதினோரு நாள் ஒரு சொட்டில்லை.
எங்கிருந்து எடுத்தாய்?
கள்ளி என்று பெயர் வைத்தவன்
சும்மா வைக்கவில்லை.
ஈரச் சப்பாத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.
குணவதியை எழுப்பலாம் என்று நினைத்தேன்,
நினைத்துக்கொண்டே இருந்தேன்.

காலையில் துவண்டு தொங்கியதைக் கண்டு
"பூக்காமலே போச்சே" என்றாள்.
"ஆமாம்" என்றேன்.

டிசம்பரில் நட்டோம்.
பாதி மணல், பாதி செங்கல் தூள்.
ஒரு கயிறு கேட்டுக்கு,
ஒன்று ஜன்னல் கிரில்லுக்கு,
மூன்றாவது, இயோ துணி காயவைக்கும் கம்பத்துக்கு.
அவர் துண்டுகள் இப்போது
எங்கள் கயிற்றிலும் காய்கின்றன.
தபால்காரர் குனிந்து வருகிறார்.
எரிவாயுக்காரர் சிலிண்டரோடு குனிகிறார்.
வாடகையை உயர்த்த வந்த வீட்டுக்காரர்
குனிந்தபடியே தொகையைச் சொன்னார்.

வேர் பிடித்ததா, தெரியாது.
ஆட்டிப் பார்க்கக் கூடாதாம்.
என் வலது உள்ளங்கையில் ஒரு முள்
ஊசிக்கு எட்டாத ஆழத்தில் தங்கிவிட்டது.
ஸ்டியரிங்கை வளைக்கும்போது மட்டும்
இருக்கிறேன் என்கிறது.