கரி படும் இடம்

முன் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் தளர்த்தினேன்.
குழல் எழும்பியது,
கண்ணுக்குத் தெரியாது,
டயல் முள்தான் காட்டிக்கொடுத்தது.
"இத்தனை வருஷமும் வளைஞ்சேதான் இருந்திருக்கு" என்றேன்.
ஜெசிந்தா டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை.
டீ கிளாஸை வைக்க இடம் தேடினார்.

ஏற்காட்டில் மேகம் இறங்கினால்
குண்டு இடப்பக்கம் ஒரு விரற்கடை ஒதுங்குகிறதாம்.
கீழே ரேஞ்சில், வெயிலில், நேராகத்தான் போகிறதாம்.
இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் துப்பாக்கி
எந்த ஊர்ப் பேச்சைக் கேட்கும்?
எஃகு எங்கேயும் எஃகு.
கட்டை வால்நட்.
அது காற்றைக் குடிக்கும்.

செவ்வாய்ப்பேட்டையில் என் பட்டறைக்கு
இந்தப் பக்கம் ஜவ்வரிசி மண்டி,
அந்தப் பக்கம் ஜாதகம் பார்க்கும் சிதம்பரநாதன்.
பத்துக்கு ஏழு பொருந்தினால்
அவர் தேதி குறித்துக் கொடுத்துவிடுவார்.
எனக்கு ஏழு போதாது.

சிம்னிப் புகையில் ஆக்‌ஷனின் அடியைக் காட்டினேன்.
கரி ஏறியதும் கட்டையில் இறக்கி
உள்ளங்கையால் ஒரு தட்டு.
தூக்கினால், தொட்ட இடம் மட்டும் மரத்தில் கறுத்திருக்கும்.

மூன்று புள்ளி.
மூன்றே புள்ளி.
பதினோரு வருஷம் ஒன்றாக இருந்து
இந்த இரண்டும் தொட்டுக்கொண்டது அவ்வளவுதான்.
மிச்சத்தை ஸ்க்ரூ மிரட்டி வைத்திருந்தது.

கறுத்ததைச் சுரண்டு.
மறுபடி கரி. மறுபடி இறக்கு. மறுபடி சுரண்டு.
மூக்கு நுனியில் கரி, சட்டைப் பையில் மரத்தூள்,
மண்டியில் மூட்டை இறக்குகிறவர்கள் எட்டிப் பார்த்து
"என்ன, இன்னும் அதே துப்பாக்கியா?"
அதேதான்.

இரண்டாம் நாள் இரவு எபாக்ஸி கலந்தேன்.
நாற்பது நிமிஷம் என்று டப்பாவில் அச்சடித்தவன்
சேலத்து ஏப்ரலைப் பார்த்ததில்லை.
இருபதில் கெட்டியாகும்.
ஒட்டக் கூடாத இடமெல்லாம் ஷூ பாலிஷ்,
இரண்டு பூச்சு, துணியால் தேய்த்து.
நடுவில் ஹாஸ்டலிலிருந்து மகன் ஃபோன்.
மெஸ் பில். பேசிவிட்டு வந்து இறக்கினேன்.

விடிந்து பார்த்தால் வரவில்லை.
ரப்பர் சுத்தியலால் தட்டினேன். வரவில்லை.
பின் ஸ்க்ரூ ஓட்டைக்கு மட்டும்
பாலிஷ் வைக்கவில்லை
என்று நினைவு வந்தபோது
கையில் இருந்தது துப்பாக்கி இல்லை,
வேறொருவர் சொத்து.

சொன்னால் சிரிப்பீர்கள்.
பிளாஸ்டிக் தாளில் ஏழு சுற்றுச் சுற்றி
சபூரா அக்காவின் மீன் பெட்டியில்
விரால்களுக்கு நடுவே, ஐஸில் கிடத்திவிட்டு
பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.
துப்பாக்கியை விட்டு நகர லைசென்ஸ் விடாது,
பயமும் விடாது.
மூன்று மணி நேரம்.
"குளிர்ந்தா இரும்பு சுருங்கும்" என்றேன்.
"சுருங்கட்டும், கட்லா எடுத்துட்டுப் போ" என்றார்.

பட்டறைக்குள் வந்ததும் ஒரே தட்டு.
டக்.
நாக்கைச் சொடுக்குவது போல.
உள்ளே பார்த்தேன்:
தொழிற்சாலை முத்திரையின் மயிரிழை எழுத்துகூட
எபாக்ஸியில் தலைகீழாகப் பதிந்திருந்தது.
இனி முன் ஸ்க்ரூவைத் தளர்த்தினாலும்
முள் அசையவில்லை.
குழலுக்கும் கட்டைக்கும் நடுவே
பத்து ரூபாய்த் தாள்
நுனியிலிருந்து ஆக்‌ஷன் வரை
தடையில்லாமல் போய் வந்தது.

டீச்சரிடம் சொன்னது இதுதான்:
"வெயில்ல சுட்டுப் பார்க்காதீங்க.
மேகம் இறங்கட்டும், அப்புறம் சுடுங்க."

வியாழக்கிழமை படம் அனுப்பினார்.
ஈரத்தில் சுருண்ட அட்டை.
நான்கு குண்டு ஒரே ஓட்டையில், சட்டைப் பொத்தான் அளவு.
ஒன்று மட்டும் தள்ளி.
கீழே எழுதியிருந்தார்:

நாலும் துப்பாக்கி. அஞ்சாவது நான்.
கன்னம் வைக்கிறப்போ
லேசா மீன் வாடை வருதே, ஏன்?

இன்னும் பதில் போடவில்லை.