இருபது நாள் தாங்கும்

ஆளைக் காலையிலேயே கூட்டிவரச் சொன்னேன்
புரோக்கர் சிராஜுதீனிடம்.
மத்தியானத்தில் பாம்பனில் எந்த வீடும்
கருவாட்டு வீடுதான்.

"உப்புப் பூத்த இடத்த மட்டும் சுரண்டிப் பூசுங்க,
முழுசுக்கும் செலவழிக்காதீங்க,
வர்றவன் இடிப்பானோ, வச்சுக்குவானோ"
என்றார்.

ரெக்சன் வந்தான்,
கம்பி பிரஷ், பட்டி வாளி, காதில் பாட்டு.
கிழக்குச் சுவரைத் தேய்த்தான்.
சலித்த மாவுபோலக் கொட்டியது சுவர்.
"கடல் மணல்லயாக்கா கட்டுனீங்க?"
அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்,
கலவை போட்ட கொத்தனாரும் என் வீட்டுக்காரரும்.
ஒருவர் செத்துவிட்டார்.
இன்னொருவர் தூத்துக்குடியில்
வேறு வீடு கட்டிக்கொண்டார்.

"எத்தனை நாள் தாங்கும்?"
"இருபது நாள் தாங்கும்க்கா.
கச்சான் அடிச்சா பதினஞ்சு."

ஏன் விற்கிறாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள்.
பால்காரரிடம் மகனோடு திருப்பூர் போகிறேன் என்றேன்.
கோயில்பிள்ளையிடம் புயல் பயம் என்றேன்.
இரண்டையும் அவர்கள் நம்பியபோது
நானும் கொஞ்சம் நம்பினேன்.

ஜன்னல் கம்பியின் துருவை நானே தேய்த்தேன்.
ஊதிப்போன பின்கதவை இழைப்புளி போட்டு இழைத்தார்கள்.
இப்போது அது சத்தமில்லாமல் சாத்துகிறது,
யார் வீட்டுக் கதவோ போல.

அடுப்படிச் சுவரில்தான் அவனை நிறுத்தினேன்.
பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குக்
கொடுத்த முன்பணம்,
பதினொரு வருஷக் கணக்கு, பென்சிலில்.
நம்புதாய், கால் தகடு, 180. கழிந்தது.
முத்திருளாயி, நீச்சல் கண்ணாடி, 250. பாதி.
செபஸ்தி 400, மேலும் 400, பிறகு கோடு.
பாக்கியசீலி 1,200.
அதன் கீழே ஒன்றுமில்லை.

போனில் படம் எடுத்துக்கொண்டேன்.
வெளிச்சம் போதவில்லை, பாதி எழுத்து கலங்கல்.
"அடிச்சிரவாக்கா?" என்றான்.
காதிலிருந்து பாட்டைக் கழற்றியிருந்தான்.
அவனுக்கு வாசிக்கத் தெரியும்,
பாலிடெக்னிக் ஒரு வருஷம் போனவன்.
பாக்கியசீலி அவன் அம்மா.

"அடி" என்றேன்.

மற்ற சுவருக்கெல்லாம் ஒரு கோட்.
அந்த ஒரு முழ இடத்துக்கு
நான் சொல்லாமலே இரண்டு.
சாயங்காலம் முழுக் கூலியும் கொடுத்தேன்.
இரண்டு தரம் எண்ணினான்,
ஏதாவது குறையும் என்று எதிர்பார்த்தவன்போல.

வியாழக்கிழமை வந்தார்கள், அபிராமத்துக்காரர்கள்.
பாலம் பார்க்க வருகிறவர்களுக்கு
அறை வாடகைக்கு விடப்போகிறார்களாம்.
அவர் தளத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.
அந்தம்மா தண்ணீர் கேட்டார்.
சிராஜுதீன் கண்ணைக் காட்டினார்.
கொடுத்தேன்.
"இது கேன் தண்ணி.
கிணத்துத் தண்ணி குடுங்க."

வாயில் வைத்து, நின்று,
தென்னை மூட்டில் துப்பினார்.
முகம் சுளிக்கவில்லை.
"அம்பதாயிரம் கொறச்சுக் கேளுங்க" என்றார் புருஷனிடம்,
என் எதிரிலேயே, கத்தரிக்காய் வாங்குகிற குரலில்.
எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பிறகு அடுப்படிக்குள் போய்
சுவரில் உள்ளங்கையை வைத்தார்.
"இங்க மட்டும் தடிப்பா இருக்கே?"
"பொகை" என்றேன்.
அன்றைக்கு நான் சொன்ன பொய்களில்
இது ஒன்றுதான் எனக்காகச் சொல்லாதது.

முப்பதுக்கு முடிந்தது. அட்வான்ஸ் கைக்கு வந்தது.
இன்று ஒன்பதாம் நாள்.
பத்திரப் பதிவு பதினெட்டாம் நாள்.
காற்று இன்னும் வாடைதான்.

ஒரு கோட் அடித்த இடம் பொடிப்பொடியாக உதிரும்.
இரண்டு கோட் அடித்த இடம்
தகடு தகடாய் உரியும் என்று
ரெக்சனுக்குத் தெரியாமல் இருக்காது.

அந்த இடத்துக்கு நேரே ஓர் ஆணி இருக்கிறது.
மாதா படக் காலண்டரை மாட்டச் சொன்னார் சிராஜுதீன்.
காலண்டரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.
ஆணி
வீட்டோடு சேர்த்தி.