இரண்டிலிருந்து மூன்றுக்கு

"ஒரு படி இறங்கினால் சீக்கிரம் போகலாம்"
என்றாள் வக்கீல் மார்கிட் ஹால்வர்சன்,
பேனா மூடியைக் கடித்தபடி.
ஒமாஹாவில் அன்று அக்டோபர்.
அவள் சன்னலுக்கு வெளியே
மேப்பிள் மரங்களும் இறங்கிக்கொண்டுதான் இருந்தன.

பரமபதம் ஆடியவளிடம்
பாம்பைப் பிடித்து மேலே ஏறு என்கிறாள்.

இரண்டாம் வரிசையில் நிற்பதற்காக
நான் ஒரு முதுகலைப் பட்டம் வைத்திருந்தேன்.
மிசௌரி ஆற்றின் மார்ச் மாதப் பனிக்கட்டி
எந்த வளைவில் சிக்கும், எப்போது உடையும்,
இருநூற்றுப் பதினான்கு பக்கம்.
மூன்றாம் வரிசை அதைக் கேட்பதே இல்லை.

புது மனுவில் நடந்தது இவ்வளவுதான்:
ஒரு கட்டத்தில் இருந்த குறி
இன்னொரு கட்டத்துக்குப் போனது.
மேசை அதே. சம்பளம் அதே.
ஆற்றங்கரையில் நான் போடும் ரப்பர் பூட்ஸ் அதே.
2012 நவம்பர் 19 என்ற தேதியை மட்டும்
பூனை குட்டியைக் கவ்வுவதுபோல் கவ்விக்கொண்டு
வரிசை மாறினேன்.

"ஊரில் யாரிடமும் மூன்று என்று சொல்லாதே"
என்றான் அறவாழி.
புகைப்படத்துக்குக் கண்ணாடியைக் கழற்றியிருந்தான்.
பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக
அவன் முகம் எனக்குப் புதிதாக இருந்தது.

பக்கத்து மேசை ஸ்வப்னில் பார்வே
எனக்கு இரண்டு மாதம் பதினோரு நாள் பின்னால்.
அவன் மாறவில்லை.
"ஆறு தெரிந்தவள் நீ,
கிளை ஓடையை நம்பலாமா?"

நம்பக் கூடாது. எனக்கே தெரியும்.
கிளையில் வேகம் கூடும், அளந்திருக்கிறேன்.
வெள்ளம் வடிந்தால்
முதலில் வறள்வதும் அதுதான்.

அப்படியே ஆனது.
மூன்றாம் வரிசை நின்றது.
ஒரு மாதம், ஏழு மாதம்,
பிறகு பின்னோக்கி நடந்தது,
வீட்டில் எதையோ மறந்துவிட்டதுபோல.
இரண்டாம் வரிசையோ ஒரே பாய்ச்சலில்
என் தேதியைத் தாண்டியது, அவன் தேதியையும் தாண்டியது.

ஸ்வப்னிலின் பச்சை அட்டை ஒரு வியாழக்கிழமை வந்தது.
அலுவலகத்துக்கு டோனட் வாங்கிவந்தான்.
என் மேசையில் பெட்டியைத் திறந்து
மேப்பிள் பூசியதை எனக்கென்று ஒதுக்கி வைத்தான்.
நிமிர்ந்து பார்க்கவில்லை.
சந்தோஷப்படுவதற்கு என்னிடம் அனுமதி கேட்பதுபோல் நின்றான்.
சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

என்னைத் திரும்ப இரண்டுக்கே மாற்றச் சொல்லி
மார்கிட் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினாள்.
பதினாறு மாதமாகப் பதில் இல்லை.

நீ தப்புக் கணக்குப் போட்டாய் என்று
எல்லோரும் சொல்லாமல் சொல்கிறார்கள்.

ஸ்வப்னிலின் மகள் இங்கே பிறந்தவள்.
அவனுக்குக் காத்திருக்க நேரம் இருந்தது.
என் மகன் கைக்குழந்தையாக விமானம் ஏறியவன்.
இளம்பரிதி என்று நாங்கள் வைத்த பெயரைப்
பள்ளியில் 'பெரி' ஆக்கிவிட்டார்கள்.
இருபத்தொன்று ஆனால்
எங்கள் மனுவிலிருந்து உதிர்ந்துவிடுவான்.

அந்த அக்டோபரில் காகிதம் உள்ளே போன நாளில்
அவன் வயது அங்கேயே நின்றுவிட்டது.
சட்டத்தில் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு.
நான் வாங்கியது அதைத்தான்.
வேகத்தை இல்லை.

இன்று காலை குளியலறைக் கதவைத் தட்டினேன்.
சவர நுரையோடு திறந்தான்,
நிலையில் தலை இடிக்காமல் கொஞ்சம் குனிந்து.
"அம்மா, இரண்டு நிமிஷம்."

இருபத்துமூன்று வயது.
காகிதத்தில் இன்னும் பத்தொன்பது.
கதவுக்கு வெளியே
துண்டோடு நிற்கிறேன்.